யாரும் கேதம் கேட்காத பள்ளிக்கூடம்

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளுக்குச் சுவர் தடிமன். வெயிலை உள்ளே விடாத அந்தச் சுவர்கள் செல்போன் சிக்னலையும் விடுவதில்லை. 2020இல் பள்ளிக்கூடம் போனுக்குள் போனபோது, காரைக்குடியில் பல கட்டுகளாக உள்ளே நீளும் ஒரு வளவு வீட்டின் இரண்டாம் கட்டில் வாடகைக்கு இருந்த என் தோழி, மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருத் திண்ணைக்கு வந்துதான் பாடம் எடுத்தாள். தனியார் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். பாதிப் பிள்ளைகளிடம் போன் இல்லை. இருந்த பிள்ளைகளும் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். "கேக்குதா? கேக்குதா கண்ணு? கேட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று நாற்பது நிமிடமும் திரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் எதிர்வீட்டு ஆச்சி வந்து, "ஏத்தா, அந்தப் பக்கம் யாரும் பேசுற மாதிரியே தெரியலையே, நீயாவா பேசிக்கிட்டிருக்கே?" என்று கேட்டிருக்கிறார். அக்கறையாகத்தான் கேட்டார். அன்று ராத்திரி அவள் சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் திண்ணைக்கு வரும்போதே கை நடுங்கியது.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் இருபது வருஷத்துக்கு மேலாக டீச்சராக இருக்கிறேன். கொரோனாவில் பிள்ளைகள் இழந்த படிப்பைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். எழுத வேண்டியதுதான். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2020 மார்ச் 17இல் பூட்டிய பள்ளிக்கூடம் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தது. பத்தொன்பது மாதத்துக்கு மேல். ஒரு பிள்ளையின் ஒன்றாம் வகுப்பு முழுசும் அதற்குள் காணாமல் போனது. ஆனால் அந்தக் கட்டடத்தைத் தினமும் திறந்து வைத்திருந்த பெரியவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்டவர்கள் குறைவு. டீச்சர், ஆபீஸ் கிளார்க், ஆயா, வேன் டிரைவர், சத்துணவு சமைக்கிற அக்கா எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கொரோனாவின் முதல் வருஷத்தில் உலகம் முழுக்க மனச்சோர்வும் பதற்ற நோயும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. எங்கள் ஆட்களும் அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வந்த வலிக்குத் தனியாக ஒரு வடிவம் இருந்தது. அந்த வடிவம் தெரியாமல் "தைரியமா இருங்க டீச்சர்" என்று சொல்வதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

முதலில் அந்த நடுக்கத்தை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் 'பர்ன் அவுட்' என்கிற பணிச்சோர்வுக்கு ஒரு விளக்கம் கொடுத்தது. அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் தீராமல் நீடிக்கும் அழுத்தத்தால் வரும் நிலை என்றது. மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப் போவது, வேலையிலிருந்து மனசு விலகிக் கசந்து போவது, என்ன செய்தும் பலன் இல்லை என்று தோன்றுவது. மூன்றாவதுதான் எங்கள் தொழிலில் ஆளைச் சாய்க்கிறது. டீச்சருக்குச் சம்பளம் மாசக் கடைசியில் வரும். கூலி மட்டும் அன்றைக்கன்றைக்கு வந்துவிடும். கடைசி பெஞ்சுப் பையனுக்குக் கணக்குப் புரிந்த நொடியில் அவன் புருவம் மேலே போகுமே, அதுதான் கூலி. மழை நாளில் பாதி வகுப்பு வந்தாலும் அது கிடைக்கும். அணைத்த கேமராவில் கிடைக்காது. என் தோழி முன்னைவிட அதிக நேரம் உழைத்தாள். ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்த நோட்டுப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துத் திருத்தினாள். கண் வலி வந்தது. ஆனால் தான் சொல்லிக்கொடுத்தது ஒரு பிள்ளைக்காவது ஏறியதா என்று அவளுக்குத் தெரியவே இல்லை. கிணற்றில் இறைக்கிற தண்ணீர் எந்த வயலுக்குப் போகிறது என்றே தெரியாமல் வருஷம் பூராவும் இறைத்தால் எப்படி இருக்கும்?

இரண்டாவது விஷயத்துக்கு எங்களிடம் பெயர் கிடையாது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனாதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதற்கு 'மாரல் இஞ்சுரி' என்று பெயர் கொடுத்தார். மனசாட்சிக்குப் பட்ட காயம் என்று சொல்லலாம். சரி எது என்று தெரிந்தும் செய்ய முடியாமல் நிற்கும்போது வருவது. பிற்பாடு மருத்துவர்கள், நர்சுகள் பற்றிப் பேசவும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். எங்களுக்கும் அது பொருந்தும். 2020 கடைசியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார்கள். ஒரு பையனைக் கூப்பிட்டேன். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிறவன். "படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர்" என்றான். பின்னால் கிளாஸ் கழுவுகிற சத்தம். யாரோ "ரெண்டு ஸ்ட்ராங்" என்றார்கள். அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு "இந்தா வர்றேண்ணே" என்றது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரிப் பேசி முடித்தேன். என்ன செய்திருக்க முடியும்? அவனுடைய அப்பா கொத்தனார் வேலை இல்லாமல் மூன்று மாதம் வீட்டில் இருந்தவர். புகார் செய்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. செய்யாவிட்டால் அவன் பள்ளிக்கூடம் திரும்ப மாட்டான். வருகைப் பதிவில் அவன் பெயருக்கு நேரே 'தொடர்பு கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். அந்த இரண்டு சொற்கள் பல ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை.

இதற்கு நடுவில் தேதிகள் நிலைகொள்ளாமல் ஆடின. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2020 மார்ச்சில் தள்ளிப்போனது. ஜூன் 1 என்றார்கள், அப்புறம் ஜூன் 15 என்றார்கள், ஜூன் 9 அன்று எல்லாரும் தேர்ச்சி என்றார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைக்கு 20 சதவீதம் என்று கணக்குப் போடச் சொன்னார்கள். அரையாண்டில் அம்மை போட்டுப் படுத்திருந்த பிள்ளைக்கு என்ன போடுவது என்று உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கிற என் கணவர் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. 2021இல் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேறு ஒரு கணக்கு வந்தது. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் ஜனவரி 19இல் திறந்தன, மார்ச்சில் மறுபடி மூடத் தொடங்கின. பெரிய கஷ்டமாக இருந்தாலும் அது முடியும் நாள் தெரிந்தால் மனுஷர் தாங்கிக்கொள்வார்கள். முடிவு தெரியாவிட்டால் உடம்பு எப்போதும் ஓடத் தயாரான நிலையிலேயே நிற்கும். தூக்கம் கெடும், வயிறு கெடும், சின்ன விஷயத்துக்குக் கோபம் வரும். அந்த வருஷம் எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் நெஞ்செரிச்சல் மாத்திரை கேட்டு நின்ற வாத்தியார்களை நானே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது சம்பளம். செட்டிநாட்டில் இதைச் சொல்லாமல் மனநலத்தைப் பற்றிப் பேச முடியாது. இங்கே ஒரே தெருவில் அரசுப் பள்ளி, நகரத்தார் அறக்கட்டளைகள் அந்தக் காலத்தில் தொடங்கிய உதவி பெறும் பள்ளி, மெட்ரிக், சிபிஎஸ்இ எல்லாம் இருக்கும். உதவி பெறும் பள்ளிக்குள்ளேயே அரசு சம்பளம் கொடுக்கிற இடம் ஒன்று, நிர்வாகம் கையிலிருந்து கொடுக்கிற 'மேனேஜ்மென்ட் போஸ்ட்' இன்னொன்று. ஒரே அறை, ஒரே கரும்பலகை, நாலில் ஒரு பங்கு சம்பளம். 2020இல் அந்த இடைவெளி ஒரு பள்ளமாகவே பிளந்தது. பெற்றோர் கையில் காசில்லை. தனியார் பள்ளிகள் முதலில் 40 சதவீதக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஜூலையில் அனுமதித்தது. அதற்குள் பல பள்ளிகளில் பாதிச் சம்பளம், சிலவற்றில் அதுவும் இல்லை. அரசுப் பள்ளிகளில் 2012இல் எடுக்கப்பட்ட பகுதிநேர ஓவிய, தையல், உடற்கல்வி ஆசிரியர்களுக்கோ அப்போதெல்லாம் எந்த வருஷமும் மே மாதச் சம்பளம் கிடைத்ததில்லை. கொரோனா மேயும் அவர்களுக்கு அப்படித்தான் போனது.

வேலை போன ஓர் ஆங்கில டீச்சர் பலகாரக் கடை ஒன்றில் தேன்குழலும் சீப்புச் சீடையும் பாக்கெட் போடப் போனார். எம்.ஏ., பி.எட். படித்தவர். எனக்குத் தூரத்துச் சொந்தம். பலகாரம் வாங்கப் போனபோது கவுன்டருக்குப் பின்னால் பார்த்தேன். அவர்தான் முதலில் கண்ணால் சிரித்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "மாஸ்க் வந்தது நல்லதாப் போச்சுக்கா. எங்க ஸ்கூல் பேரன்ட்ஸ் வந்தா அடையாளம் தெரியாது." உழைக்கிறதில் என்ன கேவலம் என்று நான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவருக்கு வேலை கேவலமாகத் தெரியவில்லை. 'மிஸ்' என்று கூப்பிட்ட குரல்கள் தன்னை அங்கே அப்படிக் கூப்பிட்டுவிடுமோ என்றுதான் பயந்தார்.

மறுபக்கம், முழுச் சம்பளம் வாங்கிய நாங்கள் வேறு விதமாகத் தலை குனிந்தோம். "சும்மா உக்காந்து சம்பளம் வாங்குறாக" என்பதை ரேஷன் கடை வரிசையில், பால் வாங்குமிடத்தில், கல்யாண வீட்டில் கேட்டோம். அகவிலைப்படி உயர்வு நின்றது, ஈட்டிய விடுப்புக்குக் காசு வாங்குவது நின்றது, 2020 மேயில் ஓய்வு வயது 58இலிருந்து 59 ஆனது. அதையெல்லாம் யாரிடம் சொல்வது? சம்பளம் இல்லாதவர் அவமானத்தால் பேசவில்லை. சம்பளம் வாங்கியவர் கூச்சத்தால் பேசவில்லை. ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்ல வேண்டிய இரண்டு கூட்டமும் இப்படித்தான் ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. மனநலம் பற்றிய பேச்சில் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பதால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

டீச்சர் அல்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேன் டிரைவர் ஒருவர் அதே வேனில் கத்தரிக்காயும் தக்காளியும் ஏற்றித் தெருத்தெருவாக விற்றார். கூவ வெட்கப்பட்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு போவார். ஆயாக்களுக்குப் பெரும்பாலும் யாரும் போன்கூடச் செய்யவில்லை. ஐந்து வயசுப் பிள்ளையை மடியில் வைத்து மூக்கைத் துடைத்துவிட்டவர் அவர்தான். அந்தப் பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை. அதனால் அது அறுந்ததும் எங்கும் பதிவாகவில்லை.

இனி, இந்தக் கட்டுரைக்குப் பெயர் கொடுத்த விஷயம். எங்கள் சிவகங்கைச் சீமையில் சாவு வீட்டுக்குப் போவதைக் கேதத்துக்குப் போவது என்போம். துக்கம் விசாரிப்பதைக் கேதம் கேட்பது என்போம். அந்தச் சடங்கில் கேட்கிறவர் வேலை சின்னது. பக்கத்தில் உட்கார வேண்டும், "எப்படி ஆச்சு? கடைசியா என்ன பேசுனாக?" என்று கேட்க வேண்டும், பிறகு வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். தமிழில் கேள் என்றால் கேள்வி கேட்பதும் அதுதான், காது கொடுப்பதும் அதுதான். துக்கக்காரர் அதே கதையை நாற்பது பேரிடம் நாற்பது தடவை சொல்வார். முதல் தடவை தொண்டை அடைக்கும். இருபதாவது தடவை ஒரு சின்ன விவரம் ஞாபகம் வரும், லேசாகச் சிரிப்பார். நாற்பதாவது தடவையில் அது சொல்லக்கூடிய கதையாகியிருக்கும். பேரிடரில் சிக்கியவர்களுக்கு முதல் உதவியாக உலக சுகாதார நிறுவனம் 2011இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பார், கேள், உதவியோடு இணை என்று மூன்று படி சொன்னது. எங்கள் ஆத்தாக்கள் அந்த நடுப்படியைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தார்கள்.

2021இல் அது நின்றுபோனது. ஏப்ரல் 6 சட்டமன்றத் தேர்தலுக்கு எங்களில் பலர் வாக்குச்சாவடிப் பணிக்குப் போனோம். சில வாரத்தில் இரண்டாம் அலை ஏறியது. மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. சாவு வீட்டுக்கு இருபது பேர் என்று கட்டுப்பாடு. அந்த இருபது பேரும் வரப் பயந்தார்கள். தேர்தல் பணிக்குப் போய்வந்த எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரின் அம்மா மே மாதம் இறந்தார். தொற்று எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. "நான்தான் கொண்டாந்தேன்" என்று ஒரே வரி. அதைக் கேட்கவும் மறுக்கவும் அவர் வீட்டுக் கூடத்தில் ஆள் இல்லை. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் கும்பிடும் கை படம் போட்டோம். நானும் போட்டேன். பத்து நிமிடத்தில் அதற்குக் கீழே வேறு ஒரு சுற்றறிக்கை வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு மேலும் ஆறாமல் அன்றாட வாழ்க்கையை முடக்குகிற துக்கத்தை நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே நோய் வகைப்பாடு தனியாகச் சொல்கிறது. அவருக்கு அது இருந்ததா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஒரு வருஷம் கழித்தும் அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனதை மட்டும் பார்த்தேன்.

நவம்பர் 1 அன்று பிள்ளைகள் வந்தார்கள். வெப்பமானி, கைகழுவும் திரவம், இடைவெளி வட்டம் எல்லாம் தயாராக இருந்தன. ஆசிரியர் அறையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள். தொற்றுக்கு அது நியாயம். ஆனால் அந்த அறையில் ஒருவர் குழம்பை ஒருவர் சோற்றில் ஊற்றிக்கொள்ளும் அரைமணி நேரத்தில்தான் எங்கள் மனநல சிகிச்சை எல்லாம் நடந்துகொண்டிருந்தது. அது போனது. பிள்ளைகளோ வேறு பிள்ளைகளாக வந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்பில் 'அம்மா' எழுதத் தெரியாத பிள்ளை, மணி அடித்தால் பதறுகிற பிள்ளை, அப்பாவை இழந்த பிள்ளை. தன்னார்வலர்கள் பிள்ளைகளின் வீட்டுப்பக்கமே பாடம் சொல்லித்தரும் இல்லம் தேடிக் கல்வி அக்டோபர் 27இல் தொடங்கியது. சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் 2022 ஜூனில் வந்தது. இரண்டும் வேண்டிய திட்டங்கள்தான். அவற்றோடு கல்வித் துறையின் எமிஸ் செயலியில் ஏற்ற வேண்டிய விவரங்களும் கூடிக்கொண்டே போயின. பள்ளி திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தவர்கள், திறந்த பிறகுதான் விழுந்தார்கள். பாரத்தைச் சுமக்கும்போது தெரியாத வலி, இறக்கி வைத்ததும் இடுப்பைப் பிடிக்கிற மாதிரி.

என் தோழி 2022 தொடக்கத்தில் மதுரைக்குப் போனாள். வீட்டில் "கண் காட்டப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனது மனநல மருத்துவரிடம். காரைக்குடியில் பார்த்தால் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பது பழைய மாணவியாக இருக்கும் என்று பயம். இந்தப் பயம் இங்கே பல வாத்தியார்களுக்கு உண்டு. ஊரே தெரிந்த முகம் என்பது மரியாதையும்தான், பூட்டும்தான். மாத்திரையும் பேச்சு சிகிச்சையுமாகச் சில மாதத்தில் அவளுக்குத் தூக்கம் திரும்பியது. இன்றைக்குப் போவதாக இருந்தால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியில் பார்க்கலாம், மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது. பெயரைக்கூடச் சொல்லாமல் பேசலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லை, பிடித்த எதிலும் மனம் போகவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். செத்துவிடலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, குற்றவாளியாக இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் டாக்டர் தலையில் கட்ட முடியாது. வேலையிடத்தால் வந்த சோர்வுக்கு வேலையிடத்தில்தான் பாதி மருந்து. ஒரு வேலையை இரண்டு தடவை கேட்காமல் இருப்பது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குழுவில் உத்தரவு போடாமல் இருப்பது, பாதிச் சம்பளம்தான் என்றாலும் எந்தத் தேதியில் என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவது. அடுத்த தொற்று எப்போது வந்தாலும் இவற்றுக்குக் காசு பெரிதாக ஆகாது. சம்பளம் நின்றுபோகிற தனியார் பள்ளி ஊழியருக்கு மட்டும் காசுதான் வேண்டும். அங்கே ஆலோசனை வகுப்பு நடத்துவது அவரை அவமதிப்பதாகும். நெருக்கடிக் காலத்துக்கென்று அரசும் நிர்வாகங்களும் சேர்ந்து ஒரு ஊதிய நிதி வைத்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பள்ளி திறந்த அந்த நவம்பரில் ஒருநாள், எங்கள் பழைய தலைமையாசிரியை வந்தார். ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிவிட்டது. ஆசிரியர் அறைக்கு வரவில்லை. நேரே சத்துணவுக் கூடத்துக்குப் போனார். எங்கள் சமையல் அக்காவுக்கு ஜூனில் வீட்டுக்காரர் தவறியிருந்தார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் குழுவில் படம் போட்டிருந்தோம். டீச்சர் ஒரு பலகையை இழுத்துப் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படித்தா ஆச்சு? கடைசியா என்ன பேசுனாரு?" என்றார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். ஆம்புலன்சில் ஏறும்போது "ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டியா" என்று கேட்டாராம் அவர். அதிலிருந்து ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினார். நான் வாசற்படியில் முட்டைக் கணக்கு நோட்டோடு நின்றுகொண்டிருந்தேன். பிறகு அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருங்க டீச்சர், உலை கொதிச்சிருச்சு" என்று எழுந்து அரிசியைக் களைந்து போட்டார்.